துடைப்பக் கப்பலின் ஒரே கண்ணிவெடி

கப்பல் ஓட்டல் திறப்பு விழா நாளன்று காலை, முடிச்சின் வீட்டுச் சமையலறையில் அலுமினிய டம்ளர்களைக் காணவில்லை.

"டம்ளரெல்லாம் எங்கங்க?"

முடிச்சு கையிலிருந்த செய்தித்தாளை மூக்குக்கு மேலே உயர்த்திக்கொண்டார். செய்தித்தாள் அந்த உயரத்துக்குப் போனால் மனிதர் ஏதோ செய்திருக்கிறார் என்று பொருள். மனைவிக்கு அது அத்துப்படி.

"உங்களத்தான் கேக்கறேன். பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சா ஆள் தெரியாதா?"

"கப்பலுக்குக் கொண்டு போயிட்டேன்."

"ஏன், அவ்வளவு பெரிய ஓட்டல்ல தண்ணி குடிக்க டம்ளர் இல்லயா?"

"குடிக்க இல்லம்மா. கொம்புக்கு."

அவள் கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். "எதுக்கு?"

"கண்ணிவெடிக்கு மேல சுத்திலும் கொம்பு இருக்கும். கப்பல் அதுல முட்டினாத்தான் வெடிக்கும். நம்ம டம்ளரு அளவெடுத்துத் தச்ச மாதிரி அப்படியே பொருந்திடுச்சு."

அவள் கரண்டியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டையும் எப்படிச் சந்திக்க வைப்பது என்று யோசிப்பதுபோல இருந்தது. பிறகு அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டதால் முடிச்சு தப்பித்தார்.

அந்த வீட்டில் டம்ளர் அலுமினியம், தட்டு அலுமினியம், வாளி பிளாஸ்டிக், கட்டில் மரம். இரும்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணமான புதிதில் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓர் இரும்பு பீரோ வந்தது. முடிச்சு அதை வாசலிலேயே நிறுத்தினார். உளவாளியைச் சோதனை போடுவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றினார். வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். மாமனார் வரதட்சணை வேண்டாத மாப்பிள்ளை கிடைத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். விஷயம் அதுவல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும். முடிச்சு வேலை பார்த்தது கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில். அந்தக் கப்பலே மரத்தால் ஆனது. கடலடியில் கிடக்கும் சில வெடிகளுக்கு இரும்பு அருகில் வந்தாலே போதும், தூக்கம் கலைந்து எழுந்துவிடும். அதனால் கப்பலில் ஆணி பித்தளை, ஸ்பேனர் வெண்கலம், சட்டி அலுமினியம், ஆட்களின் இடுப்பு வாரில் கொக்கிகூடப் பித்தளை. பக்கத்தில் இரும்பு இருந்தால் முடிச்சுக்கு இன்றுவரை தூக்கம் வராது. "வீட்டுக்குள்ள எங்கங்க கண்ணிவெடி?" என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

மற்ற போர்க்கப்பல்களில் இருந்தவர்கள் அந்தக் கப்பலை 'துடைப்பம்' என்றார்கள். காரணம் இருந்தது. அவை சீறிக்கொண்டு போகும், திரும்பும், பீரங்கியை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும். இது வாலில் ஒரு நீளமான கம்பிவடத்தைக் கட்டிக்கொண்டு, கடலில் ஒரு துண்டை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லப் போகும். திரும்பும். பக்கத்துக் கோட்டில் மெல்ல வரும். வாசல் பெருக்குவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், வாசல் பெருக்கினால் குப்பையாவது சேரும். வடத்தில் வெட்டுக்கத்திகள் உண்டு. அடியில் சங்கிலி போட்டு நிறுத்தப்பட்டிருக்கும் வெடி சிக்கினால் சங்கிலி அறுந்து அது மேலே வரும். தள்ளி நின்று சுட்டுவிட வேண்டும். ஏற்பாடு அதுதான். நடந்தது வேறு. வடத்தில் மீன்வலை சிக்கியது, மீனவர்கள் கரையில் காத்திருந்து திட்டினார்கள். யாரோ தூக்கிப்போட்ட கட்டில் சிக்கியது. ஒருமுறை கடலடித் தொலைபேசிக் கம்பி சிக்கி, ஒரு தீவு முழுக்கத் தொலைபேசி செத்துப்போனது. அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் சம்பந்திகளிடமிருந்து விடுதலை கிடைத்ததென்று கொண்டாடியதாக இன்ஜின் அறை ஆள் சொல்வார். அவருக்குப் பெயர் டீசல். இன்னொருமுறை கதவு மூடிய குளிர்சாதனப் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே ஒரு பெரிய மீன், வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கண்ணிவெடி மட்டும் வரவில்லை. அந்தக் கப்பலின் ஆயுளில் ஒன்றுகூட வரவில்லை.

கயிறு, வடம், கட்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்ததால்தான் அவருக்கு முடிச்சு என்று பெயர். அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்க வேண்டும். கப்பலும் அவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள். இரண்டு பேரையும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கப்பலை ஓர் ஓட்டல் முதலாளி வாங்கி, இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் கம்பளம் விரித்து மேசை போட்டார். முடிச்சோ அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குப் போனார். குடியிருப்பவர்கள் கப்பலில் ஏறுகிறவர்கள்போல வாசலில் நின்று, "உள்ளே வர அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். வேலை போயிற்று. பள்ளிக்கூட வேனில் பைகளை மேலே கட்டுகிற வேலை கிடைத்தது. கட்டினார். பள்ளிக்கூடத்தில் அவிழ்க்க முயன்று, முடியாமல், கடைசியில் அறுத்தார்கள். பைகளோடு வேலையும் அறுந்தது.

இப்போது இந்தக் கப்பல் ஓட்டல். தன்னுடைய பழைய கப்பலிலேயே, கயிறுகளைப் பார்த்துக்கொள்ளவும் வருபவர்களுக்குக் கதை சொல்லவும் ஓர் ஆள். சொர்க்கம்தான். ஆனால் மனைவி அன்று காலை வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

"இதுவும் போச்சுன்னா எங்கண்ணன் கடைதான், சொல்லிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஸ்டூல் போட்டு வச்சிருக்காரு."

"என்ன ஸ்டூலு?"

"இரும்புக் கடையில மர ஸ்டூலா போடுவாங்க?"

மச்சானின் கடை முடிச்சின் கண்முன் வந்தது. கூரைவரை கம்பி. சுவரெல்லாம் சங்கிலி. மூட்டை மூட்டையாக ஆணி. நடுவில் மச்சான், "வாங்க மாப்ள, இதுலயே படுத்துத் தூங்கலாம்" என்று சிரித்துக்கொண்டு. முடிச்சு கப்பலை நோக்கி நடையைக் கட்டினார்.

ஓட்டல் முதலாளி சின்ன வயசுக்காரர். காதில் போனும் வாயில் பேச்சும் ஒருபோதும் நிற்காது. கண்ணிவெடி அவருடைய யோசனைதான்.

"ஒரு பயம் வேணும், முடிச்சு சார். கப்பலுக்குப் பக்கத்துல ஒண்ணு மிதக்கணும். சாப்பிட வர்றவனுக்கு முதல்ல வயித்தக் கலக்கணும்."

"அதுக்கு உங்க சாப்பாடே போதுமே" என்று, அதே ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்திருந்த டீசல் தனக்குள் சொல்லிக்கொண்டார். காது மந்தமானவர்கள் தனக்குள் சொல்லிக்கொள்வது ஊருக்கே கேட்கும். அதனால்தான் அவரைக் கீழே கழிவறைக் குழாய்களைப் பார்க்க அனுப்பினார்கள்.

முதலாளி படம் வரைந்து காட்டினார். சிவப்பு உருண்டை, அதன்மேல் மண்டையோடு, அதன்கீழே குறுக்கே இரண்டு எலும்பு. முடிச்சு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணிவெடி நான்தான் கண்ணிவெடின்னு போர்டு மாட்டிக்காது சார். நான் செஞ்சு தர்றேன்."

பயிற்சிக் காலத்தில் வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். ஆனால் அதைப் பார்த்த அளவுக்குத் தன் கல்யாணப் போட்டோவைப் பார்த்ததில்லை. மீன்வலைக்காரர்களிடமிருந்து பெரிய பிளாஸ்டிக் மிதவை ஒன்று வாங்கினார். தார் பூசினார். துரு பிடித்தாற்போல அங்கங்கே செம்மண் தேய்த்தார். பாசி ஒட்டினார். டம்ளர்களைக் கவிழ்த்துப் பதித்தார். ஒரு டம்ளர் ஏற்கெனவே நசுங்கியிருந்தது. அதை முன்பக்கம் வைத்தார், அடிபட்ட வெடிக்கு அதுதான் அழகு. பொம்மை தேவைக்கு மேல் நன்றாக வந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

மாலை. கப்பல் முழுக்கச் சரவிளக்கு. பாட்டு அலறியது. ஓதம் இறங்கி, துறைமுகத்துத் தண்ணீர் கடலுக்கு வடிய ஆரம்பித்திருந்த நேரம். கப்பல் கயிறுகளை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நகர்மன்றத் தலைவி ரிப்பன் வெட்ட வந்திருந்தார். முடிச்சின் மனைவி பட்டுப் புடவையில், கையில் தட்டோடு, எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று மூடி மூடியாகத் திறந்து ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கடைசியாக ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சீருடை ஒன்று இறங்கியது. உள்ளே துடைப்பத்தின் பழைய கேப்டன் இருந்தார். சீருடை அப்படியே இருக்க, மனிதர் மட்டும் சுருங்கிவிட்டிருந்தார். தோள்பட்டையில் காற்று நிரம்பியிருந்தது. கை நடுங்கியது.

முடிச்சு விறைத்து வணக்கம் வைத்தார்.

"நல்லா இருக்கியா, முடிச்சு?"

"இருக்கேன் சார்."

"துடைப்பம்?"

"இன்ஜின எடுத்துட்டாங்க சார்."

"எனக்கும்தான் உள்ள என்னென்னவோ எடுத்துட்டாங்க" என்று கேப்டன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் மிதக்கறோம்ல, போதும்."

ஏறுபலகையில் அவர் முழங்கையை யாரோ பிடிக்க வந்தார்கள். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். பிடித்துத்தான் ஏற்றினார்கள். மேசைகளுக்கு நடுவில் நிறுத்தி, மாலை போட்டு, கையில் மைக்கைத் திணித்தார்கள். இன்னொரு மைக் முதலாளியிடம் இருந்தது. அது அவரிடம் எப்போதும் இருக்கும்.

"நம்ம கேப்டன் ஐயா இந்தக் கப்பல்ல சின்ன அதிகாரியா வந்து, கேப்டனா இறங்கினவரு! தன்னோட வாழ்க்கையில எத்தன கண்ணிவெடி பிடிச்சிருப்பாரு? நூறு? இருநூறு? ஐயா, உங்க வாயால நீங்களே சொல்லுங்க!"

நடுங்கிய மைக் கேப்டனின் பித்தளைப் பொத்தானில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. அதை நிறுத்த அவர் இன்னொரு கையையும் கொடுத்தார்.

"ஒண்ணுகூட இல்ல" என்றார்.

பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, அது கூட்டத்தைத் தொற்றிக்கொண்டது. முதலாளிக்கு அது போதும்.

"ஒண்ணுகூட இல்லயா! அப்ப ஆயுசு பூரா சம்பளமும் வாங்கிக்கிட்டு காத்தும் வாங்கிக்கிட்டே வந்திருக்கீங்க! இந்த மாதிரி ஒரு வேல எங்கய்யா கிடைக்கும்!"

கப்பலே குலுங்கியது. கேப்டனும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். "இல்லன்னு உறுதி பண்றதுதான் எங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். பாட்டு மறுபடி எழுந்தது. கேப்டன் தன் வெறுங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கப்பலின் முன்பக்கத்துக்கு நடந்தார். முடிச்சு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு பின்னால் போனார். வேறென்ன கொண்டு போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

முன்பக்கம் ஆள் இல்லை. கேப்டன் டம்ளரை வாங்கினார். அதில் தண்ணீர் அலையடித்தது. ஒரு வாய் குடித்தார். கடலைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"முடிச்சு."

அந்தக் குரலை முடிச்சு கேட்டு வருடங்கள் ஆகின்றன. மைக்கில் கேட்ட குரல் அல்ல அது.

"வலப்பக்கம். முன்னால. என்ன அது?"

முடிச்சு எட்டிப் பார்த்தார். அவருடைய கண்ணிவெடி, கட்டி வைத்த இடத்தில் இல்லை. நீரில் மெல்லச் சுழன்றபடி, கொம்புகள் மேலே எழுந்தும் முங்கியும், தன்போக்கில் கப்பலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவருடைய கட்டு அவிழாது. கைப்பிடிக் கம்பியில் தொங்கிய கயிற்று நுனியைப் பார்த்ததும் புரிந்தது. மத்தியானம் முதலாளி அதோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கயிற்றை அறுத்து இழுத்துவரச் செய்து, செருப்பு வார் கட்டுவதுபோலத் தானே மறுபடி ஒரு கட்டுப் போட்டிருக்கிறார்.

"முந்தாநேத்து புயலு. அடியில எந்தக் காலத்துலயோ போட்டது, சங்கிலிய அறுத்துக்கிட்டு வந்திருக்கு" என்றார் கேப்டன். "நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்ல, ஒரு புயல் போதும்னு?"

"சொல்வீங்க சார்."

அது பொம்மை சார், நான்தான் செய்தேன். இதைச் சொன்னால் முடிந்தது. வாயைத் திறக்கவும் செய்தார் முடிச்சு. அப்போது பார்வை கேப்டனின் கைமேல் விழுந்தது. டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. ஒரு சொட்டுக்கூட அசையாமல், தட்டில் ஊற்றிய கண்ணாடி மாதிரி நின்றது. முதுகு நிமிர்ந்து, சீருடையின் தோள்பட்டைக்குள் தோள் வந்து சேர்ந்திருந்தது. பின்னாலிருந்து பாட்டும் சிரிப்பும் வந்தன. பொம்மை என்று சொன்னால் இந்த மனிதர் அந்தச் சிரிப்புக்கு நடுவே மறுபடி நடந்துபோக வேண்டும். ஒன்றுமே பிடிக்காதவர், பிடித்த ஒன்றும் பிளாஸ்டிக். சொல்லாவிட்டால்? வேலை போகும். ஸ்டூல் வரும். மச்சானின் இரும்பு ஸ்டூல் அவர் மனக்கண்ணில் ஒரு தடவை பளபளத்தது.

"ஆளுங்கள இறக்கு. ஓட விடாதே. அலற விடாதே."

"ஆகட்டும் சார்."

வாய் சொல்லிவிட்டது. மூளை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தபோது கால்களும் கிளம்பிவிட்டிருந்தன.

முடிச்சு பாட்டுப் பெட்டியின் ஒலியைக் குறைத்தார். மேசைகளுக்கு நடுவில் நின்றார். "எல்லாரும் கவனிங்க. கப்பல் பக்கத்துல கண்ணிவெடி ஒண்ணு மிதந்து வருது. வரிசையா இறங்கணும். தள்ளக் கூடாது. ஓடக் கூடாது."

பலத்த கைத்தட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். நகர்மன்றத் தலைவி பக்கத்தில் வந்து குனிந்து, "நல்லா பண்றீங்க. இது எவ்வளவு நேரம் போகும்? நான் இன்னொரு விழாவுக்குப் போகணும்" என்றார்.

"மேடம். கேப்டன் உத்தரவு."

தலைவி அவர் முகத்தைப் பார்த்தார். அதில் நடிப்பு இல்லை. பயமும் இல்லை. உத்தரவு வாங்கியவரின் முகம் மட்டும் இருந்தது. தலைவி அரசியலில் பலவிதப் பொய் முகங்களைப் பார்த்தவர். இந்த முகம் அவருக்குப் புதிது. சட்டென்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுபலகையை நோக்கி நடந்தார். தலைவி நடந்தால் கூட்டம் நடக்கும். தட்டுகளோடு, கைக்குழந்தைகளோடு, பாதி கடித்த பலகாரத்தோடு வரிசை நகர்ந்தது.

மனைவி வரிசையில் இல்லை. கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"என்னங்க. அது நம்ம டம்ளரு."

"தெரியும்."

"அந்த நசுங்கினது, நான் கீழ போட்டது."

"தெரியும்மா. மெதுவாப் பேசு."

"தெரிஞ்சேவா?"

முடிச்சு மோவாயால் மேலே காட்டினார். பழைய சுக்கான் மேடையில் கேப்டன் ஏறி நின்றிருந்தார். யாரும் முழங்கையைப் பிடித்து ஏற்றியிருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தச் சிரிப்பு கிளம்பியபோது அவளும் மேசைப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"வேல போயிடும்."

"போயிடும்."

"இரும்பு ஸ்டூலு."

"மேல ஒரு துணி போட்டுக்கறேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இன்னும் பலகாரத் தட்டுகளைச் சுற்றி முடிவெடுக்காமல் நின்றவர்களை நோக்கித் திரும்பினாள்.

"ஐயையோ, வெடி வருது, வடையத் தின்னுக்கிட்டு நிக்கறீங்களே! எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் இந்தக் கப்பல்ல கிடந்தவரு. அவருக்கே கை கால் நடுங்குது, பாருங்க!"

முடிச்சுக்கு எதுவும் நடுங்கவில்லை. மனைவி சொல்லிவிட்டாளே என்று கொஞ்சம் நடுங்கிக் காட்டினார். மிச்சமிருந்த கூட்டமும் கிளம்பியது.

முதலாளி அப்போதுதான் கரையில் யாரையோ வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். எதிரே தன் மொத்த விருந்தும் தட்டோடு இறங்கி வருவதைக் கண்டார். ஏற முயன்றார். ஏறுபலகையில் ஓர் ஆள் அகலம்தான்.

"எங்க போறீங்க! அது பொம்மைங்க! பிளாஸ்டிக்! நான்தான் செய்யச் சொன்னேன்!"

"இவர் இப்படித்தான் சொல்வாரு" என்றார் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பின்னால் வந்தவரிடம். "இவரோட இன்னொரு ஓட்டல்ல அடுப்பங்கரை பத்தி எரிஞ்சப்ப, வாசனைக்குப் புகை போடறோம்னு சொன்ன ஆளு."

வரிசை வேகம் பிடித்தது. முதலாளி அதில் எதிர்நீச்சல் போட்டார். யாரோ ஒருவரின் தட்டிலிருந்த குழம்பு சட்டையில் கொட்டியதுதான் மிச்சம். கூட்டம் அவரைக் கரைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசியாக முடிச்சின் மனைவி இறங்கினாள், திரும்பிப் பார்க்காமல்.

"எல்லாரும் இறங்கியாச்சா?" மேலேயிருந்து குரல்.

"ஆச்சு சார்."

"கயிற அவிழ்."

இதை முடிச்சு எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும், வெடி பக்கத்தில் வந்தால் கப்பல் விலக வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் இன்ஜின் இல்லாத கப்பலைக் கயிறு அவிழ்த்தால்? அவர் மேலே பார்த்தார். கேப்டன் கீழே பார்த்தார். இன்ஜின் இல்லை என்று கேப்டனுக்குத் தெரியும். தெரியும் என்பது முடிச்சுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

முடிச்சு பின்கயிற்றிடம் போனார். அது அவர் போட்ட கட்டு. ஒரு இழுப்பு, ஒரு திருப்பு, அவிழ்ந்தது. முன்கயிறும் அவிழ்ந்தது. கப்பல் ஒரு சோம்பல் முறித்தது. ஏறுபலகை விளிம்பிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. கரையிலிருந்து வந்த மின்கம்பி நீண்டு, விறைத்து, பிய்ந்தது. சரவிளக்கு மொத்தமும் அணைந்தது. பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

கேப்டன் பேசுகுழாயின் பித்தளை மூடியைத் திறந்து வாயை வைத்தார். அது மேடையிலிருந்து நேராகக் கீழே இன்ஜின் அறைக்குப் போகும் வெறும் குழாய். அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

"இன்ஜின் அறை. மெதுவா பின்னால."

கீழே கம்பளத்துக்கு நடுவில், கழிவறைத் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டீசல் உட்கார்ந்திருந்தார். காது மந்தம் என்பதால் மேலே நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. கைத்தட்டல் தெரியாது, கூட்டம் இறங்கியது தெரியாது. ஆனால் அந்தக் குழாயின் வாய், வழக்கம்போல, அவர் தலைக்கு மேல்தான் இருந்தது. அதில் வரும் குரல் அவருக்கு எப்போதும் கேட்கும்.

"மெதுவா பின்னால, சார்!" என்று கத்தினார். எழுந்தார். சுற்றிலும் மேசைகள், நாற்காலிகள், மடித்து வைத்த கைத்துடைப்புத் துணிகள். கையில் இருந்த ஒரே இயந்திரத்தை வேகவேகமாகப் பூட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தார். மோட்டார் இருமி, தும்மி, டபடபவென்று ஓட ஆரம்பித்தது. கப்பலின் பக்கவாட்டில் அழுக்குத் தண்ணீர் பீறிட்டது. வடிகிற நீர் கப்பலைப் பிடித்துக்கொண்டது. துடைப்பம் கரையைவிட்டுப் பின்வாங்கியது.

"முடிச்சூ!" முதலாளி கரையோரமாகக் கூடவே ஓடிவந்தார். "நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே! நாளையிலேர்ந்து என்ன, இப்பவே வராதே!"

"இப்ப வர முடியாது சார்!" என்று முடிச்சு உண்மையாகவே வருத்தத்தோடு பதில் சொன்னார்.

முதலாளி இழுவைப் படகுக்குப் போன் போட்டார். படகுக்காரர், கண்ணிவெடியா, அப்படியானால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் முதலாளி போனைத் தரையில் எறிவது கப்பலிலிருந்தே தெரிந்தது. பிறகு அவர் ஓடிப்போய் அதைப் பொறுக்கினார்.

கரையில் கூட்டம் நின்றது. தட்டும் கையுமாக, துறைமேடையின் நீளத்துக்கு. பெரிய கப்பல்கள் புறப்படும்போது வாத்தியம் வாசிப்பார்கள், பெண்டு பிள்ளைகள் வந்து கண்ணைத் துடைப்பார்கள். துடைப்பமோ, மற்ற கப்பல்கள் எழுந்து வழி கேட்பதற்குள் வேலையை முடிக்க வேண்டிய கப்பல் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடும். கரையில் ஒரு நாய் இருந்தால் அதிகம். இன்றைக்கு யாரோ ஒருவர் கைத்துடைப்புத் துணியைத் தூக்கி ஆட்டினார். என்ன நினைத்து ஆட்டினாரோ. பக்கத்திலிருந்தவர் ஆட்டினார். தலைவி கரண்டியை ஆட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைமேடை முழுக்க வெள்ளைத் துணிகள் படபடத்தன. எல்லாருக்கும் நடுவில், ஒரு பட்டுப் புடவை, கயிறு கட்டும் தூண்மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தது. ஏறி நின்ற தூண் இரும்பு.

கேப்டன் சுக்கான் மேடையில் விறைத்து நின்று, கரையைப் பார்த்து வணக்கம் வைத்தார். கையை இறக்க நேரமாயிற்று. பிறகுதான் கீழே பார்த்தார்.

"முடிச்சு. அதுவும் நம்ம கூடவே வருது."

"ஆமா சார். ஒரே நீரோட்டம்."

உண்மைதான். கப்பலை இழுத்த நீர் கண்ணிவெடியையும் இழுத்தது. விலகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவர் பின்னால் சமாதானம் பேச வருகிறவர்போல, ஒரே இடைவெளியில், கொம்பை ஆட்டி ஆட்டி வந்தது. இடைவெளி குறைந்தது. அது என்ன என்று தெரிந்தும் முடிச்சு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சிற்றலை ஒன்று அடியில் புகுந்து அதைத் தூக்கிக் கொடுத்தது.

டொக்.

நசுங்கிய கொம்பு மரத்தில் பட்ட சத்தம். காலியான அலுமினிய டம்ளரை மேசையில் வைத்தால் வருமே, அதே சத்தம்.

ஒன்றும் நடக்கவில்லை.

கேப்டன் கம்பிக்கு மேலே குனிந்து அதைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்; தார் உரிந்த இடத்தில் டம்ளரின் அலுமினியம் மின்னியது. முடிச்சு வேண்டுமென்றே கரைப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிற்றைக் கலைத்து மறுபடி சுருட்டினார். டபடபவென்று மோட்டார் கீழே உழைத்துக்கொண்டிருந்தது. பின்னால் கேப்டனின் காலடி, மேடையின் பலகையில், பேசுகுழாய்வரை நடந்தது. மூடி திறந்தது.

"டீசல்."

"சார்!"

"அப்படியே போகட்டும்."

"அப்படியே போகட்டும், சார்!"

துறைமுகத்தின் வாய் இரண்டு பக்கமும் விலகிக் கடல் தெரிந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். கரையில் வெள்ளைத் துணிகள் அரிசி மணிகளாகிவிட்டன, இன்னும் ஆடின. கப்பலும் கண்ணிவெடியும் பக்கத்தில் பக்கத்தில், அவசரமில்லாமல், நேர்க்கோட்டில் போயின. அலை வரும்போதெல்லாம் அது வந்து மெல்லத் தட்டியது.